கஞ்சியும் நூலும்: அன்செல்ம் பாயெனின் வாழ்வு

எங்கள் வீட்டில் கஞ்சி இரண்டு விதம். ஒன்று நோன்பு காலத்தில் குடிக்கும் கஞ்சி. மற்றது நூலுக்குப் போடும் கஞ்சி. நான் மருதமுனையில் ஒரு கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். பாவு நீட்டிக் கட்டப்பட்டிருக்கும் வேளையில் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உம்மம்மாவின் பின்னால் நடப்பதுதான் சிறு வயதில் எனக்குத் தரப்பட்ட வேலை. அவர் கஞ்சியைத் தொட்டு நூலில் தடவிக்கொண்டு போவார். நூல் விறைத்து நிற்கும். அப்படி விறைத்த நூல்தான் தறியில் அறாமல் ஓடும். நெய்து முடிந்த சாரத்தை வாங்கிப்போனவர்கள் இரண்டு மூன்று தடவை தோய்த்தார்களானால் கஞ்சி எல்லாம் தண்ணீரோடு போய்விடும். துணி மெத்தென்று ஆகிவிடும். கஞ்சி போய்விடும், நூல் இருக்கும். இதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

க.பொ.த. உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவைத் தெரிந்தெடுத்துக் கல்லூரி விடுதிக்கு வந்த பிறகு வாப்பாவின் தொழிலை யாராவது கேட்டால் வியாபாரம் என்று சொல்லத் தொடங்கினேன். டொக்டர்மாரின் பிள்ளைகளும் ஆசிரியர்மாரின் பிள்ளைகளும் நிறைந்த வகுப்பில் தறி என்ற சொல் வாயில் வரவில்லை. யாரும் என்னை ஏளனம் செய்ததில்லை. நானாகவே அதை மறைத்தேன். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போகும் மனிதரின் வாழ்க்கையை ஏன் தேடிப் படித்தேன் என்பதை அது இல்லாமல் சொல்ல முடியாது.

ஒரு நாள் உயிரியல் பாடத்தில் காபோவைதரேற்று பற்றிக் கற்றோம். மாப்பொருளும் குளுக்கோசினால் ஆனது, செலுலோசும் குளுக்கோசினால் ஆனது என்று ஆசிரியை கரும்பலகையில் இரண்டு சங்கிலிகளைப் பக்கம் பக்கமாக வரைந்தார். கஞ்சி என்பது மாப்பொருள். பருத்தி நூல் என்பது செலுலோசு. அப்படியானால் உம்மம்மா இத்தனை வருடமாகச் செய்தது சீனியின் மேல் சீனியைப் பூசிய வேலையா? ஒன்று கரைந்து ஓடுகிறது, மற்றது பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கிறது. அது ஏன்? பாடம் முடிந்ததும் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. செலுலோசைக் கண்டுபிடித்தவரின் வரலாற்றைத் தேடிப் படித்து, அடுத்த கிழமை வகுப்பில் பேசும்படி சொன்னார். அப்படித்தான் அன்செல்ம் பாயெனை நான் அறிந்தேன்.

அன்செல்ம் பாயென் 1795 ஜனவரியில் பாரிஸ் நகரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி நடந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. தந்தை சட்டம் படித்தவர். ஆனால் சட்டத்தோடு நின்றுவிடாமல் பாரிஸின் ஓரத்தில் இரசாயனத் தொழிற்சாலைகளை நிறுவினார். விலங்குகளின் எலும்பையும் வேறு கழிவுகளையும் சூடாக்கி அமோனியங்குளோரைட்டுச் செய்வது அவற்றில் ஒரு தொழில். மகனைப் பாடசாலைக்கு அனுப்பாமல் தந்தை தாமே வீட்டில் வைத்துக் கற்பித்தார். கண்டிப்பான மனிதர் என்று சொல்கிறார்கள். பதின்மூன்று வயதளவில் அன்செல்ம் விஞ்ஞானத்தில் இறங்கினார். பிறகு வோக்லன், செவ்ரோல் ஆகிய பெரிய இரசாயன அறிஞர்களிடம் பாடம் கேட்டார்.

இதைப் படித்தபோது நான் முதலில் நினைத்தது அந்தச் சிறுவனின் உடையைப் பற்றித்தான். எலும்பு எரியும் தொழிற்சாலையின் வாடை அவரது உடையில் இருந்திருக்காதா? எங்கள் உடுப்பில் கஞ்சி வாடை இருப்பதைப் போல! ஆனால் அவர் அந்த வாடையை விட்டு ஓடவில்லை. இருபதுகளின் தொடக்கத்திலேயே வெண்காரம் சுத்திகரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பொறுப்பை ஏற்றார்.

வெண்காரம் என்பது உலோகங்களைப் பொருத்தவும் கண்ணாடி, மட்பாண்டப் பூச்சு செய்யவும் தேவைப்படும் பொருள். ஐரோப்பாவுக்கு அது கிழக்கு நாடுகளிலிருந்து வந்தது. அந்த வியாபாரம் ஒல்லாந்தரின் கையில் இருந்தது. ஒல்லாந்தர் கறுவாவை எப்படிக் கையில் வைத்திருந்தார்கள் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்த நமக்கு இது விளங்காத விடயமல்ல. போரிக்கமிலத்தையும் சோடாவையும் சேர்த்து வெண்காரத்தைத் தொழிற்சாலையிலேயே செய்யும் வழியைப் பாயென் வகுத்தார். பழைய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அவரால் அதை விற்க முடிந்தது. ஒல்லாந்தரின் ஏகபோகம் உடைந்தது.

1820 இல் தந்தை இறந்தார். குடும்பத்தின் தொழில்கள் எல்லாம் இருபத்தைந்து வயது மகனின் தோளில் விழுந்தன. அவற்றில் பீற் கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் தொழிற்சாலையும் ஒன்று. கரும்புச் சீனி கடல் கடந்து வரவேண்டிய பொருள். நெப்போலியன் காலத்துப் போரில் கடல்வழி அடைபட்டபோது பிரான்சு தன் மண்ணில் விளைந்த கிழங்கிலிருந்தே சீனியைத் தேடத் தொடங்கியது. ஆனால் கிழங்குச் சாறு கறுத்து, பழுப்பேறி இருக்கும். அதை வெளுக்க எலும்புக் கரி உதவியது. தந்தையின் மற்றைய தொழிற்சாலையில் எலும்பைச் சூடாக்கிய பின்பு எஞ்சும் அதே கரி! ஒரு தொழிலின் கழிவு மற்றத் தொழிலின் மருந்தாகியது. கரி எப்படி நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பாயென் ஆராய்ந்து 1822 இல் வெளியிட்டார். நாற்றமடிக்கும் எலும்பிலிருந்து வெள்ளைச் சீனிக்கு வழி திறந்த கதை இது.

தொழிற்சாலையில் ஒரு பிரச்சினை வரும். அதை எப்படியாவது சமாளித்து வேலையை ஓட்டிவிடலாம். பெரும்பாலானவர்கள் அவ்வளவோடு நிற்பார்கள். பாயென் நிற்கமாட்டார். ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்பார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் இரண்டும் இந்த ஏன் என்ற கேள்வியிலிருந்தே பிறந்தன. ஒன்று கஞ்சியைப் பற்றியது. மற்றது நூலைப் பற்றியது. நான் இப்படிச் சொல்வதைப் பெரிய அறிஞர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

முதலாவது 1833 இல் நடந்தது. முளைவிட்ட பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாறு, மாப்பொருளை இளக்கி இனிப்பாக்கும் என்பது மக்கள் முன்பே அறிந்திருந்த செய்தி. அந்தச் சாற்றில் எது அந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. பாயெனும் ஜோன் பிரான்சுவா பெர்சோ என்ற சக இரசாயன அறிஞரும் அந்தச் சாற்றை வடித்து, அதில் அற்ககோலைச் சேர்த்தார்கள். வெண்மையான ஒரு பொருள் படிந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மீண்டும் அற்ககோலில் படியவைத்துச் சுத்தப்படுத்தினார்கள். அந்த வெள்ளைப் பொருளில் ஒரு பங்கு, இரண்டாயிரம் பங்கு மாப்பொருளை இளக்கப் போதுமாயிருந்தது. ஆனால் கொதிக்க வைத்துவிட்டால் அது செயலற்றுப் போனது. பிரித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டயஸ்ரேசு என்று பெயரிட்டார்கள்.

இன்று நாம் அதை நொதியம் என்கிறோம். உயிருள்ள பொருளிலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்ட முதலாவது நொதியம் அதுதான். நாங்கள் பாடமாக்கும் அமிலேசு, இலிப்பேசு, புரொத்தியேசு எல்லாவற்றின் பெயர் வாலும் டயஸ்ரேசின் பெயரிலிருந்து வந்தது. சோற்றை மென்றுகொண்டே இருந்தால் வாயில் இனிப்புத் தட்டுகிறதே, அந்த வேலையைச் செய்வதும் இதே குடும்பத்து நொதியந்தான்.

இரண்டாவது கண்டுபிடிப்பு 1838 இல். அதை விளங்கிக்கொள்ள அக்காலத்து எண்ணத்தை முதலில் அறியவேண்டும். மரம் என்பது முழுவதும் ஒரே பொருளினால் ஆனது என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். அதற்குப் பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, 1819 இல், பிரான்சின் நான்சி நகரில் ஆன்ரி பிராக்கொனோ என்பவர் மரத்தூளையும் பழந்துணியையும் செறிந்த சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்து, பின்பு கொதிக்கவைத்து, சீனியைப் பெற்றுக் காட்டியிருந்தார். பழந்துணியிலிருந்து சீனி! உலகம் வியந்தது. ஆனால் துணிக்குள் அந்தச் சீனி எந்த வடிவில் ஒளிந்திருந்தது என்பது எவருக்கும் தெரியவில்லை.

பாயென் பலவகை மரங்களை எடுத்தார். அவற்றை நைத்திரிக்கமிலத்தினாலும் பின்பு காரக் கரைசல்களினாலும் கழுவினார். ஒரு பகுதி கரைந்து போனது. கரையாமல் வெண்ணிற நார்ப்பொருள் ஒன்று எஞ்சியது. அதிலுள்ள காபன், ஐதரசன், ஒட்சிசன் அளவுகளைக் கணித்தார். எந்த மரத்திலிருந்து எடுத்தாலும் ஒரே அளவு வந்தது. பருத்தியிலும் அதே அளவு. இளம் வேர் நுனியிலும் அதே அளவு. காபன் நூற்றுக்கு ஏறக்குறைய 44, ஐதரசன் 6, மிகுதி ஒட்சிசன். இந்த எண்களை அவர் முன்பே கண்டிருக்கிறார். மாப்பொருளின் எண்களும் இவையேதான்!

இந்த இடத்தில் என்னை நானே அவர் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பொருட்களுக்கும் ஒரே எண்கள் வந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? இரண்டும் ஒன்றுதான் என்று முடித்திருப்பேன். அல்லது பரிசோதனை பிழைத்துவிட்டது என்று குறிப்புப் புத்தகத்தை மூடியிருப்பேன். பாயென் இரண்டையும் செய்யவில்லை. மாப்பொருளை அவருக்கு நன்றாகத் தெரியும். அது சுடுநீரில் பசையாகும், அயடீனில் நீலமாகும், டயஸ்ரேசில் இளகும். இந்த நாரோ சுடுநீரில் அசையவில்லை, டயஸ்ரேசுக்கும் மசியவில்லை. ஒரே மூலகங்கள் ஒரே அளவில் சேர்ந்தும் குணம் வேறுபட்ட இரு பொருட்கள் இவை என்று அவர் தெளிந்தார். தாவரக் கலங்களின் சுவர் எங்கும் இந்தப் பொருளினால்தான் கட்டப்பட்டிருக்கிறது என்றும், மரம் முதிர முதிர அந்தச் சுவரில் வேறொரு பொருள் வந்து படிந்து அதை இறுக்குகிறது என்றும் விளக்கினார். அவர் கழுவி நீக்கிய அந்த இறுக்கும் பொருளைத்தான் நாம் இலிக்னின் என்கிறோம்.

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரது ஆய்வைப் பரிசீலிக்க ஒரு குழுவை அமைத்தது. 1839 இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையில் செலுலோசு என்ற பெயர் இடம்பெற்றது. கலம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லோடு, சீனிகளின் பெயர்களில் வரும் ஓசு என்ற வாலைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. 1842 இல் பாயென் அந்தக் கழகத்தின் உறுப்பினரானார். தொழிற்சாலைப் பையன் நாட்டின் உச்ச அறிஞர் சபையில் அமர்ந்தார்.

அவர் கண்ட உண்மைக்கு முழு விளக்கம் அவர் காலத்தில் கிடைக்கவில்லை. குளுக்கோசுகள் ஆயிரக்கணக்கில் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்தை எர்மான் ஸ்ரோடிங்கர் என்ற செருமன் அறிஞர் முன்வைத்தது 1920 இல். அதன் பிறகுதான் ஆசிரியை கரும்பலகையில் வரைந்த அந்த இரண்டு சங்கிலிகளின் வேறுபாடு விளங்கியது. மாப்பொருளில் குளுக்கோசுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி கோக்கப்படுகின்றன. அதனால் சங்கிலி சுருள்கிறது. சுருளின் இடையே நீரும் நொதியமும் புகலாம். செலுலோசில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திருப்பிக் கோக்கப்படுகின்றன. அதனால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கி, ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீர் உள்ளே நுழைய இடமில்லை. நமது வயிற்றின் நொதியத்துக்கும் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் சாவி இல்லைதான். அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளிடம் இருக்கிறது. ஒரு குளுக்கோசு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற சிறு வேறுபாடு, ஒன்றை உணவாக்குகிறது, மற்றதைச் சுவராக்குகிறது.

சரி, தாவரம் இந்தச் சுவரை எப்படிக் கட்டுகிறது? இதைப் படித்தபோதுதான் எனக்கு எங்கள் தறி ஞாபகம் வந்தது. இலை, ஒளித்தொகுப்பின் மூலம் காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு சீனியைச் செய்கிறது. அந்தச் சீனி கலத்துக்கு வந்து, யூடிபி என்ற ஒரு காவியில் ஏற்றிய குளுக்கோசாகத் தயார்நிலையில் நிற்கிறது. கலத்தின் வெளிச்சவ்வில் ஆறு இதழ்ப் பூவைப் போன்ற மிகச் சிறிய அமைப்புகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு பூவும் செலுலோசு நெய்யும் நொதியங்கள் பல சேர்ந்த ஒரு கூட்டம். உட்பக்கத்தில் குளுக்கோசை வாங்கி, ஒவ்வொன்றாகக் கோத்து, வெளிப்பக்கத்தில் சங்கிலியாக விடுகின்றன. ஒரு பூவிலிருந்து ஒரே நேரத்தில் பல சங்கிலிகள் வெளிவருகின்றன. வந்த கையோடு அவை ஒன்றாக ஒட்டி ஒரு நுண்நார் ஆகின்றன. நார் நீள நீள, பூ சவ்வின் மேல் நகர்ந்துகொண்டே போகிறது. போகும் வழியைச் சவ்வின் அடியில் கிடக்கும் நுண்குழாய்கள் தண்டவாளம் போலக் காட்டுகின்றன. நாடா பாவுக்குள் ஓடி ஓடி ஊடையை விட்டுச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உயர் தாவரங்களில் அந்த ஆறு இதழ்ப் பூக்களைச் சோளத்தின் கலங்களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியோடு கண்டு 1980 இல் அறிவித்தார்கள். அந்த நொதியத்துக்கான பரம்பரையலகு 1996 இல் இனங்காணப்பட்டது. எந்தத் தாவரத்தில் தெரியுமா? பருத்தியில்! பருத்தி நார் ஒவ்வொன்றும் விதையின் மேற்றோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு கலம். முதலில் அது நீளத்தில் வளர்கிறது. இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் வரைக்கும் போகும். பிறகு உட்பக்கமாகச் செலுலோசை அடுக்கடுக்காகச் சேர்த்துச் சுவரைத் தடிக்க வைக்கிறது. காய் வெடிக்கும்போது கலம் உயிரிழந்து உலர்ந்து முறுக்கிக்கொள்கிறது. எஞ்சுவது சுவர் மட்டுமே. அந்தச் சுவரில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் செலுலோசு. மரத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே பாயென் அமிலத்தையும் காரத்தையும் கொண்டு பாடுபட்டுப் பிரித்த பொருள், எங்கள் வீட்டு முகட்டில் ஏறக்குறையச் சுத்தமாகவே கழி கழியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் வகுப்பில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

பாயெனின் பிற்கால வாழ்க்கை கற்பித்தலில் கழிந்தது. பாரிஸில் கலைகளுக்கும் தொழில்களுக்குமான உயர்கல்வி நிறுவனங்கள் இரண்டில் அவர் பேராசிரியராக இருந்தார். தொழிற்சாலையில் நேரே பயன்படும் இரசாயனவியலையே அவர் கற்பித்தார். சீனி, மாப்பொருள், தாள், தோல், இறப்பர், பசளை எல்லாம் அவரது பாடத்தில் வந்தன. விவசாயம் பற்றியும் உணவுப் பொருட்கள் பற்றியும் நூல்கள் எழுதினார். அறிவு வேறு, தொழில் வேறு என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

அவரது முடிவுக் காலந்தான் என் மனதை மிகவும் தொட்டது. 1870 இல் பிரான்சுக்கும் புரூசியாவுக்கும் போர் மூண்டது. செப்ரெம்பர் மாதத்தில் புரூசியப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தது. உள்ளே எதுவும் வர வழியில்லை. குளிர் காலம். உணவு தீர்ந்தது. மக்கள் குதிரைகளைத் தின்றார்கள். பிறகு பூனையும் எலியும் விற்பனைக்கு வந்தன. மிருகக் காட்சிசாலையின் யானைகளைக்கூட அறுத்தார்கள். பாயெனுக்கு அப்போது வயது எழுபத்தைந்து. அவர் நகரை விட்டுப் போகவில்லை. வழமையில் உண்ணப்படாத பொருட்களிலிருந்து ஏதாவது சத்தை எடுக்க முடியுமா என்று தேடும் பணியில் அந்த முதுமையிலும் ஈடுபட்டார்.

அந்த நகரத்தை எண்ணிப் பார்த்தேன். வீட்டுக் கதவுகள் மரம். மேசை, நாற்காலி மரம். திரைச்சீலையும் சட்டையும் பருத்தி. புத்தகங்கள் எல்லாம் தாள். பார்த்த இடமெல்லாம் செலுலோசு. அதாவது பார்த்த இடமெல்லாம் குளுக்கோசு. ஆனால் ஒரு பிள்ளையின் பசியை ஆற்ற அதில் ஒரு கவளமும் இல்லை. மாவு இருந்தால் உயிர் பிழைக்கலாம். மாவோ தீர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே மூலகங்களால் ஒரே அளவில் ஆனவை என்பதை உலகுக்குச் சொன்ன மனிதர் அந்த நகரத்திலேயே, அந்தப் பசியின் நடுவிலேயே இருந்தார். அவர் அதை எப்படித் தாங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பது தெரிகிறது.

1871 ஜனவரி இறுதியில் முற்றுகை முடிந்தது. மார்ச் மாதத்தில் பாரிஸில் கிளர்ச்சி எழுந்து நகரம் மீண்டும் போர்க்களமாகியது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1871 மே மாதத்தில், அன்செல்ம் பாயென் காலமானார். அமெரிக்க இரசாயனவியல் சங்கத்தின் செலுலோசுப் பிரிவு இன்றும் அவரது பெயரில் விருது வழங்கிவருகிறது.

அடுத்த கிழமை வகுப்பில் பேசினேன். கால் நடுங்கியது. பாயெனின் பிறப்பு, தொழிற்சாலை, டயஸ்ரேசு, செலுலோசு என்று எழுதி வைத்ததைச் சொல்லிக்கொண்டு போனேன். பிறகு பிற்காலத்தில் துணி ஆலைகளில் நெய்த துணியிலிருந்து கஞ்சியை நீக்கப் பார்லி முளைச் சாற்றைப் பயன்படுத்தினார்கள் என்ற செய்திக்கு வந்தேன். அவர் 1833 இல் பிரித்த நொதியம் கஞ்சியை மட்டும் தேடிப் பிடித்துக் கரைக்கும். 1838 இல் கண்ட செலுலோசைத் தொடாது. அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரு முழத் துணியில் சந்திக்கின்றன என்று சொன்னேன். அந்த இடத்தில் ஒரு தோழி கை உயர்த்தி, துணிக்கு ஏன் கஞ்சி போடுகிறார்கள் என்று கேட்டாள்.

அதற்கு எந்தப் புத்தகத்தையும் நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாவு நூல் அச்சில் உராய்வது, கஞ்சி போடாவிட்டால் பிசிறு எழும்பி நூல் அறுவது, கஞ்சி கூடிப்போனால் நூல் முறிவது, மழைக்காலத்தில் கஞ்சி காயாமல் வேலை கெடுவது, எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி இவ்வளவு தெரியும் என்று அவள் மறுபடியும் கேட்டாள். எங்கள் வாப்பா நெசவுத் தொழிலாளி, எங்கள் வீட்டில் தறி இருக்கிறது என்றேன். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அடுத்த விடுமுறையில் தறியைப் பார்க்க வரலாமா என்று இருவர் கேட்டார்கள். நான் ஒன்றரை வருடமாகச் சுமந்த பாரம் அவ்வளவு இலேசானதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது வாப்பாவிடம் பாயெனைப் பற்றிச் சொன்னேன். நூலும் கஞ்சியும் ஒரே சீனியினால் ஆனவை என்பதைத் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். வகுப்பில் நான் முன்பு சொல்லிவந்த பொய்யையும் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அறுந்திருந்த ஒரு இழையை முடிந்துகொண்டே, அந்தப் பிரெஞ்சுக்காரரின் வாப்பாவும் தொழிலைப் பிள்ளைக்குக் காட்டித்தானே வளர்த்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். தறி மீண்டும் ஓடத் தொடங்கியது.

உம்மம்மா இப்போது கண் மங்கித் திண்ணையில் இருக்கிறார். பரீட்சை முடியும் வரைக்கும் நான் வேலை எதிலும் கை வைக்கக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. அன்று மட்டும் அதை மீறினேன். கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு பாவடிக்குப் போனேன். இந்த முறை யாருக்குப் பின்னாலும் நடக்கவில்லை. கஞ்சியைத் தொட்டு நூலில் நானே தடவினேன். உம்மம்மா திண்ணையிலிருந்தபடியே, கையை இழுக்காதே, மெல்லப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.